அத்தை வீட்டுப் பச்சை விளக்கு

அலுவலகத்தில் அவளுக்கு 'முன்னேற்றம்' என்று பெயர். வெள்ளிக்கிழமைதோறும் முன்னேற்ற அறிக்கை எழுதி அனுப்புவது அவள் வேலை. அதனால் வந்த பெயர். யார் வைத்ததோ தெரியாது, பசை போல ஒட்டிக்கொண்டது. "முன்னேற்றம் இன்னும் வரலயா?" "முன்னேற்றத்துக்கு ஜலதோஷமாம்." "முன்னேற்றம் மாடிப்படியில நின்னு போன் பேசிட்டிருக்கு." வெளியாள் யாராவது இதைக் கேட்டால் நிறுவனத்தின் நிலைமையைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைத்தாலும் பெரிய தவறில்லை.

நிறுவனம் ஒரு பிளாக்செயின் தளத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டே இருந்தது. அது என்ன சமாசாரம் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் அவள் இப்படிச் சொல்வாள்: எல்லோருக்கும் பொதுவாக ஒரு கணக்குப் புத்தகம். அதை ஒரே ஆள் கையில் கொடுத்தால் இஷ்டத்துக்குத் திருத்திவிடுவான். அதனால் முப்பது பேரிடம் ஆளுக்கொரு பிரதி. அந்த முப்பது பேரும் ஆளுக்கொரு பிணைத்தொகை கட்டியிருப்பார்கள். புதிதாக ஒரு பக்கம் எழுத வேண்டுமென்றால் அவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் தலையாட்ட வேண்டும். பொய்யாகத் தலையாட்டினால் பிணை போச்சு. மட்டம் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிப்பார்கள். தலையாட்ட ஆள் போதவில்லை என்றால் புத்தகம் அப்படியே நின்றுவிடும், அடுத்த பக்கம் கிடையாது.

"நம்ம குடும்பம் மாதிரின்னு சொல்லு," என்றார் சித்தப்பா. அதைவிடத் தெளிவாக அலுவலகத்திலேயே யாரும் விளக்கியதில்லை.

அலுவலகம் என்பது ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, எட்டுப் பேர். முதலாளிக்கு உட்கார்ந்து பேசத் தெரியாது. நடந்துகொண்டேதான் பேசுவார், அதனால் அவர் சொல்வதில் பாதி அடுத்த அறைக்குத்தான் கேட்கும். தலைமைப் புரோகிராமருக்குத் தாடி இருந்தது, பெயரும் தாடிதான். தளம் எப்போது முடியும் என்று யார் கேட்டாலும் தாடி சொல்லும் பதில், "தொண்ணூறு சதவீதம் ஆயிடுச்சு." ஏழு மாதமாக அதே தொண்ணூறு. அவளும் வாராவாரம் அதற்குப் புதுப்புது சட்டை போட்டு அனுப்பினாள். 'நிறைவை நெருங்குகிறது' என்பாள். 'இறுதிக்கட்ட மெருகேற்றல்' என்பாள். சோதனை நெட்வொர்க் படுத்துவிட்ட வாரங்களில் முதலாளி அவள் மேசைக்கு வந்து குனிந்து, "நின்னுடுச்சுன்னு எழுதாதீங்க. ஓய்வெடுத்ததுன்னு எழுதுங்க," என்பார். தாடி எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஓட்டும். அவள் அறிக்கையில் 'திட்டமிட்ட ஓய்வு' என்று எழுதுவாள். எழுதிவிட்டுக் கை கழுவிக்கொள்ளலாம் போல இருக்கும்.

அந்த முப்பது பேரைப் பிடித்த கதைதான் இங்கே முக்கியம்.

சோதனை நெட்வொர்க்குக்கு ஆள் சேர்க்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. "கம்பெனிக்குச் சம்பந்தமே இல்லாத ஆளுங்களாப் பிடிங்க," என்றார் முதலாளி, அடுத்த அறையிலிருந்து. இணையத்தில் விளம்பரம் போட்டதில் எங்கெங்கிருந்தோ பதினாறு பேர் வந்தார்கள். அதற்கு மேல் ஈ காக்காய் எட்டிப்பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமையோ நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமா பேத்தியின் பிறந்தநாள் விழா வந்தது. ஒரே கூடத்தில், ஒரே கேக்கைச் சுற்றி, அவளுடைய உறவினர்களில் பதினாலு வீட்டார் கூடி நின்றார்கள். விண்ணப்பத்தில் இருந்தது ஒரே ஒரு கேள்வி: இந்த நிறுவனத்தில் உங்களுக்கு வேலையோ பங்கோ உண்டா? பதினாலு வீட்டாரும் இல்லை என்று எழுதினார்கள். அதில் துளிப் பொய் கிடையாது. அவர்களுக்குள்ளே ஒருவருக்கொருவர் என்ன உறவு என்று விண்ணப்பம் கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை. 'முப்பது தனித்தனி வீடுகளில், ஒருவரையொருவர் சாராத முப்பது காவலர்கள்' என்று அந்த வார அறிக்கையில் எழுதினாள். முதலாளி அந்த வரியைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்.

வீட்டுக்கு ஒரு கறுப்புப் பெட்டி வந்து சேர்ந்தது. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரியது, முன்னால் ஒரு குட்டி விளக்கு. ஓடினால் பச்சை, இல்லாவிட்டால் இருட்டு. பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருப்பதைக் கண்டுபிடித்த மாமா அதன்மேல் காலுறையைக் காயப்போட்டார். சித்தி அதை டிவிக்குப் பின்னால் தள்ளிவிட்டாள். பெரியத்தை மட்டும் ஃபிரிட்ஜின் மேல் ஒரு பூவேலைத் துணி விரித்து, அதன்மேல் மரியாதையாக உட்கார வைத்தாள்.

எந்த விளக்காவது அணைந்தால் அவள் போனில் தெரிந்துவிடும். உடனே அந்த வீட்டுக்குக் கூப்பிடுவாள். "லைட் எரியுதா?" "எரியலயே." "பிளக்கைப் பிடுங்கி மாட்டுங்க. இப்ப?" "எரியுது." "சரி, வச்சிடறேன்." எட்டு மாதமாக உறவினர்களோடு அவள் பேசிய பேச்சு மொத்தமும் இவ்வளவுதான்.

அந்தக் குடும்பத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே போனால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் போவார்கள். பெரியத்தை சிறுபெண்ணாக இருந்தபோது, யாரோ இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்து போனதில் வீடு பாதி எரிந்துவிட்டது. அன்றிலிருந்து வந்த பழக்கம், கல்யாணமாகி வந்த மருமகள்கள் வரை தொற்றிவிட்டது. ஃபிரிட்ஜ் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? முந்தின நாளே அதில் இருப்பதையெல்லாம் தின்று தீர்த்துவிடுவார்கள். அதனால்தான் அந்தக் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் போனாலும் நாலு பேராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். மற்ற நாட்களில் இதனால் நெட்வொர்க்குக்கு ஆபத்தில்லை. இன்றைக்கு மாமா வெளியே போவார், நாளைக்குச் சித்தி போவாள். முப்பதில் ஒன்றிரண்டு குறைந்தால் யாருக்கு என்ன?

இப்படி இருக்கும்போது ஒருநாள் முதலாளி வழக்கத்துக்கு மாறாக நடக்காமல் நின்றார்.

"பணம் போட்டவங்க தணிக்கைக்கு ஆள் அனுப்பறாங்க. அடுத்த வாரம் முழுக்க சோதனை நெட்வொர்க் நிக்காம ஓடணும். அந்த ஒரு வாரம் நம்ம ஆளுங்க யாரும் எந்தப் பெட்டியையும் தொடக்கூடாது, இடம் மாத்தக்கூடாது. ஓடிடுச்சுன்னா தளத்தை எல்லாருக்கும் திறந்துவிட்டுடலாம். நின்னுடுச்சுன்னா..."

"நாமளும் நிக்கவேண்டியதுதான்," என்று தாடி முடித்துவைத்தது. "தெருவுல."

"சார், அந்தச் சனிக்கிழமை என் தங்கச்சிக்குக் கல்யாணம்," என்றாள் அவள்.

"தாராளமாப் போயிட்டு வாங்க. ஓடப்போறது நெட்வொர்க்தானே, நீங்களா ஓடப்போறீங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மாடிப்படி இறங்கினாள். பாதிப் படியில் சிரிப்பு நின்றது. தங்கை கல்யாணம். பதினாலு வீட்டாரும் வருவார்கள். பதினாலு மெயினும் அணையும். முப்பதில் பதினாறு மிஞ்சும். இருபத்தொன்று இருந்தால் ஓடும், இருபதானாலே நின்றுவிடும்.

மேலே திரும்பிப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் சுவரில் மாட்டியிருந்த அந்தப் பெரிய எழுத்து வரி நினைவுக்கு வந்துவிட்டது. போனிலேயே சமாளித்துவிடலாம் என்று படியில் உட்கார்ந்தாள்.

"மெயினை அணைக்கக் கூடாதா? சரிம்மா, அணைக்கல," என்றார் மாமா. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அணைக்காம எப்படிப் பூட்டறது?" என்று கேட்டார், பூட்டே கரண்டில் வேலை செய்வதைப் போல.

"நான் அணைக்கமாட்டேன்," என்றார் சித்தப்பா. "உங்க சித்தி அணைப்பா. அதுக்கு நான் பொறுப்பில்ல."

யாரும் மறுக்கவில்லை, யாரையும் நம்பவும் முடியவில்லை. எனவே பாதி வழியில் பேச்சை மாற்றினாள். மெயினைப் பற்றிப் பேசாமல், அன்றைக்கு வீட்டில் யாராவது ஒருவர் இருக்க முடியுமா என்று கேட்க ஆரம்பித்தாள். கூட்டுக் குடும்பங்களில் அது நியாயமான கேள்விதான். பெரியப்பா வீட்டில்கூடப் பார்க்கலாம் என்றார்கள். பேசிப் பேசி வாய் பழகிவிட்டது. பத்தாவதோ பதினொன்றாவதோ போன் பெரியத்தைக்கு.

"அத்தை, லைட் எரியுதா?"

"எரியுது."

"சனிக்கிழமை கல்யாணத்தன்னிக்கு உங்க வீட்டுல யாராவது ஒருத்தர் இருக்க முடியுமா?"

பெரியத்தை தனியாக வசிக்கிறவள். மாமனார் மாமியார் காலமாகி, கணவர் காலமாகி, பிள்ளைகள் தனித்தனியே போய், அந்த வீட்டில் 'யாராவது ஒருத்தர்' என்று இருப்பது பெரியத்தை மட்டும்தான். இது கேட்டு முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இருக்கேன்மா," என்றாள் பெரியத்தை. "நானே இருக்கேன்." போன் வைக்கப்பட்டது.

இன்னொரு குடும்பமாக இருந்தால் ஒரு அத்தை கோபித்துக்கொண்டாள் என்று விட்டுவிடலாம். இங்கே பெரியத்தை கல்யாணத்துக்கு வரவில்லை என்றால் அவளுடைய மகன் வரமாட்டான், இரண்டு மகள்கள் வரமாட்டார்கள், அவளுடைய கொழுந்தனார் வீட்டாரும் வரமாட்டார்கள். சாயங்காலத்துக்குள் நாலு வீட்டாரும் அவள் அப்பாவைக் கூப்பிட்டு, குரலில் தேனைத் தடவி, எல்லோருக்கும் திடீரென்று உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஜன்மத்தில் யாரையும் கடிந்து பேசாத அப்பா மூத்த மகளைக் கூப்பிட்டு, "அக்கா இல்லாம நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மண்டபத்துல நிப்பேன்? நீ அவங்ககிட்ட என்னதான் சொன்ன?" என்று கேட்டார். லைட்டைப் பற்றிக் கேட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அதன்பிறகு பெரியத்தைக்கு எத்தனை தடவை கூப்பிட்டாலும் மணி அடித்ததே தவிர யாரும் எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை மண்டபத்தில் நின்றபடி அவள் போனைப் பார்த்தாள். மாமா வீட்டு விளக்கு அணைந்தது. சித்தி வீடு. பெரியப்பா வீடு, பார்க்கலாம் என்றவர்கள்தான். கார்கள் வந்து நிற்க நிற்க எண் குறைந்துகொண்டே வந்தது. கடைசியில் இருபத்தொன்றில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவில்லை. பதினாறு அந்நியர்கள் ஆணி அடித்ததுபோல இருந்தார்கள். பாக்கி ஐந்து பெரியத்தை கட்சி.

நெட்வொர்க் ஓடியது. அத்தையின் கோபத்தில் ஓடியது. கோபம் தணிந்து அத்தை கிளம்பினால் ஐந்து வீடும் பூட்டும், புத்தகம் நிற்கும். இதை அவள் ஒருமுறைக்கு இருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தாள். "21. ஏதோ நடக்குது. ஆனா ஓடுது," என்று தாடி செய்தி அனுப்பியிருந்தது.

மணப்பெண் அறையில் அலங்காரக்காரி இடுப்பில் கைவைத்து நின்றாள். "மூணாவது தடவை மை போடறேன். இனிமே அழுதா நான் பொறுப்பில்ல."

தங்கை அழுதுகொண்டுதான் இருந்தாள். "பெரியத்தை வராம நான் வெளிய வரமாட்டேன்கா. நீ போய்க் கூட்டிட்டு வா."

இவர்களுடைய அம்மா இறந்தபோது தங்கை தவழ்ந்துகொண்டிருந்தாள். தினமும் காலையில் இரண்டு தெரு தாண்டி வந்து, இரண்டு பேருக்கும் தலைவாரி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டவள் பெரியத்தை. தங்கைக்குப் பக்கத்தில் அம்மா இடத்தில் நிற்க வேண்டியவள் அவள்தான். இதில் யாருக்கும் இரண்டாவது கருத்துக் கிடையாது.

அப்படியிருந்தும் ஒரு கணம் முன்னேற்றம் கணக்குப் பார்த்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. சும்மா இருந்தால் போதும். கல்யாணம் எப்படியாவது நடந்துவிடும், கல்யாணமென்றால் கொஞ்சம் அழுகை இருக்கத்தான் செய்யும், எட்டுப் பேருக்கு வேலை நிலைக்கும். இப்படி யோசித்தபோது தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தன்னைப் பார்த்தே வெட்கமாகிவிட்டது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த தன் கணவனிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினாள்.

பெரியத்தை வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. உள்ளே ஃபிரிட்ஜ் காலியாகத் துடைத்து, கதவு ஒருக்களித்துத் திறந்து கிடந்தது. அதன்மேல் பூவேலைத் துணி, துணிமேல் பெட்டி, பெட்டியில் பச்சை. பக்கத்தில் நாற்காலி போட்டு, கல்யாணத்துக்கென்று எடுத்த புதுப்புடவையைக் கட்டிக்கொண்டு, தலைக்குப் பூ வைத்து, மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள் பெரியத்தை. வரமாட்டேன் என்று சொன்னவள் விடிந்ததிலிருந்து இப்படித்தான் கிளம்பி உட்கார்ந்திருக்கிறாள் என்பது பார்த்ததுமே தெரிந்தது.

"லைட் எரியுது," என்றாள் பெரியத்தை, இவள் வாயைத் திறப்பதற்குள். "பச்சையாத்தான் எரியுது. நல்லா பாத்துக்க."

"அத்தை, நான் லைட்டைப் பாக்க வரல."

"பின்ன? எட்டு மாசமா அதுக்குத்தானே கூப்பிடற? முட்டிவலியில ஒரு வாரம் படுத்திருந்தேன். தினம் கரண்ட் போய்ப் போய் வந்துச்சு, நீ தினம் கூப்பிட்ட. லைட் எரியுதான்னு கேட்ட. எரியுதுன்னேன். வச்சிட்ட." பெரியத்தை குரலை உயர்த்தவே இல்லை. "ஒருநாள் கரண்ட் போனப்ப, அய்யோ இப்ப போன் வருமேன்னு சந்தோஷமா இருந்துச்சு. அவ்வளவு கேவலமாப் போயிட்டேன் நான்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து பெரியத்தையின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். புதுப்புடவை நனைந்தது. "தப்புதான் அத்தை. பெரிய தப்பு. நீங்க வாங்க. அவ ரூமை விட்டு வெளிய வரமாட்டேங்கிறா."

பெரியத்தை அவள் தலையில் கலைந்திருந்த முடியை ஒதுக்கினாள். பிறகு சந்தேகத்தோடு கேட்டாள். "நான் வந்தா இந்த டப்பா அணைஞ்சிடுமே. அதனாலதானே இருக்கச் சொன்ன? அணைஞ்சா என்ன ஆகும்?"

பொய் சொல்ல அவளிடம் நல்ல நல்ல வார்த்தைகள் இருந்தன. எல்லாம் வாராவாரம் எழுதிப் பழகியவை. "நெட்வொர்க் நின்னுடும். ஆபீஸை மூடினாலும் மூடிடுவாங்க," என்றாள்.

"உன் வேலை?"

"அதுவும்தான்."

"அடிப்பாவி, இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?" பெரியத்தை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். "நீ போ. நான் இருக்கேன். கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, நிஜமாத்தான் சொல்றேன். மெயினை எரிய விட்டுட்டு என்னால வரமுடியாது. வந்தா உடம்புதான் மண்டபத்துல இருக்கும், உசுரு இங்க இருக்கும். நீ போய்க் கல்யாணத்தை நடத்து."

"நிக்கட்டும் அத்தை," என்றாள் அவள். "அது ஏற்கெனவே பத்துத் தடவை நின்னிருக்கு. நாங்கதான் ஓய்வுன்னு எழுதினோம். நீங்க இல்லாத கல்யாணத்தை எந்தப் பேர் போட்டு எழுதறது?"

பெரியத்தை எழுந்தாள். வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, "எனக்கு முக்காலி மேல ஏற முடியல. நீயே மெயினை அணைச்சிட்டு வா," என்றாள்.

மெயின் சுவிட்ச் உயரத்தில் இருந்தது. முக்காலியில் ஏறி நின்றபோது பெரியத்தை வாசலுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றிருந்தாள். அணைக்காமலே அணைத்தேன் என்று சொல்லலாம். அப்போதுகூட அந்த யோசனை வந்தது, சனியன். அவள் சுவிட்சை இழுத்துவிட்டாள். ஃபிரிட்ஜின் மேலே இருந்த பச்சை அணைந்தது. காருக்குள் ஏறியதும் பெரியத்தை மகனையும் மகள்களையும் கொழுந்தனாரையும் வரிசையாகக் கூப்பிட்டு, "உடம்பு சரியாயிடுச்சுல்ல? கிளம்புங்க," என்றாள். எல்லோருக்கும் உடனே சரியாகிவிட்டது.

கல்யாணம் ஜோராக நடந்தது. தங்கை பெரியத்தையைப் பார்த்ததும் நாலாவது தடவை அழுதாள், அலங்காரக்காரி தலையில் கைவைத்துக்கொண்டாள். அப்பா பந்திக்கும் மேடைக்கும் பத்துத் தடவை நடந்தார். குடும்பம் முழுவதையும் நிற்கவைத்துப் போட்டோ எடுக்கிற நேரத்தில்தான் முன்னேற்றத்தின் போன் அலறியது.

"தாக்குதல்!" என்று கத்தினார் முதலாளி. அவர் நடக்கவில்லை, ஓடிக்கொண்டிருந்தார் என்பது மூச்சில் தெரிந்தது. "நெட்வொர்க் நின்னுடுச்சு! காலையிலேருந்து ஒவ்வொருத்தரா தூக்கியிருக்காங்க. கடைசியா மடமடன்னு அஞ்சு பேர். மொத்தம் பதினாலு!"

"மாசக்கணக்கா திட்டம் போட்டிருக்காங்க," என்றது பின்னாலிருந்து தாடியின் குரல். "நாள் குறிச்சு அடிச்சிருக்காங்க."

அது ஒருவகையில் உண்மைதான்.

"ஆனா ஒண்ணு," முதலாளியின் குரலில் திடீரென்று ஒரு பூரிப்பு. "நம்மளையும் ஒருத்தன் அடிக்கறான்னா நாம அந்த அளவுக்கு வளந்துட்டோம்னு அர்த்தம். உடனே ஒரு அறிக்கை எழுதுங்க. 'சர்வதேசத் தாக்குதலைத் துணிச்சலுடன் எதிர்கொண்டோம்'னு ஆரம்பிங்க. தணிக்கை மேடமும் லைன்ல இருக்காங்க."

தணிக்கைக்கு வந்தவர் அதிகம் பேசாத பெண்மணி. வந்த நாளிலிருந்து நாலு வார்த்தைக்கு மேல் அவரிடமிருந்து யாரும் வாங்கியதில்லை. இப்போது கேட்டார்: "அந்தப் பதினாலு பேரும் யார், தெரியுமா?"

அவள் மேடையைப் பார்த்தாள். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சித்தப்பா சித்தியிடம் மெயின் விஷயமாகத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நடுவில் மணமக்களுக்குப் பக்கத்தில் பெரியத்தை, ராணி மாதிரி. ஒரு வார்த்தை சொன்னால் போதும், தாக்குதல் என்று. முதலாளிக்குச் சந்தோஷம், அவளுக்கும் வேலை நிலைக்கும். ஆனால் காலையில் முக்காலியிலிருந்து இறங்கியபோதே அந்தச் சாமர்த்தியமும் அவளை விட்டு இறங்கிவிட்டிருந்தது.

"தெரியும் மேடம். இங்கதான் இருக்காங்க. குரூப் போட்டோ எடுத்துக்கிட்டிருக்காங்க."

அவள் போனைத் திருப்பி ஒரு படம் எடுத்து அனுப்பிவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். பிறந்தநாள் கேக்கிலிருந்து மெயின் சுவிட்ச் வரை சொன்னாள்.

படத்தைப் பார்க்கும் அளவுக்கு நேரம் போனபிறகு தணிக்கையாளர் கேட்டார்: "நடுவில நிக்கறவங்கதான் தலைவியா?"

"ஆமா மேடம். என் அத்தை."

"ம்," என்றார் அவர். போன் கட்டானது.

சாயங்காலம் கூட்டம் கலைந்தது. அவரவர் வீட்டுக்குப் போய் அவரவர் மெயினைப் போட்டார்கள். பதினாறு, பதினேழு, பதினெட்டு என்று எண் ஏறியது. இருபத்தொன்றாவதாக வீடு திரும்பியவள் பெரியத்தை. மகன் முக்காலியில் ஏறி மெயினைப் போட்டான். நின்ற இடத்திலிருந்து, ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகாமல், அடுத்த பக்கம் எழுதப்பட்டது. தாடி கம்ப்யூட்டர் முன்னால் வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்ததாம். இத்தனை நாளும் நின்றபோதெல்லாம் அவசர அவசரமாக அழித்துவிட்டு முதலிலிருந்து ஓட்டியதில், தான் கட்டிய சாமான் தானாக எழுந்துகொள்ளும் என்பது கட்டியவனுக்கே தெரியாமல் போயிருந்தது.

அந்த வார அறிக்கை ரொம்பச் சின்னது. 'சனிக்கிழமை தளம் நின்றது. ஓய்வெடுக்கவில்லை, நின்றது. காவலர்களில் பதினாலு வீட்டார் என் உறவினர்கள். அன்று என் தங்கையின் கல்யாணம். அவர்கள் வீடு திரும்பியதும் தளம் நின்ற இடத்திலிருந்து தானாகத் தொடர்ந்தது. உறவினர்களைச் சேர்த்தது என் தவறு. வேலை முடிந்திருப்பது அறுபது சதவீதம்.'

தாடி எட்டிப்பார்த்து, "அம்பதுன்னு போடுங்க," என்றது.

தணிக்கையாளரின் தீர்ப்பு திங்கட்கிழமை வந்தது. சோதனை தோல்வி. ஆனால் நின்ற பிறகு எழுந்திருக்குமா என்பதைப் பார்க்கத்தான் தாம் வந்ததாகவும், மறுசோதனைக்கு மூன்று மாதம் தருவதாகவும், இனி ஒரு குடும்பத்துக்கு ஒரு பெட்டிதான் என்றும் எழுதியிருந்தார். அறிக்கையை இனிமேலும் இவரே எழுதட்டும் என்று அடியில் ஒரு வரி. முதலாளி சுவரில் மாட்டியிருந்த வரியைத் தாமே கழற்றினார்.

அந்த ஒரு பெட்டி யாருக்கு என்று குடும்பத்தில் பெரிய ரகளை. காலுறை காயவேண்டும் என்று மாமா அடம்பிடித்து வாங்கிக்கொண்டார். முதலில் திருப்பிக் கொடுத்தவள் பெரியத்தைதான். "எடுத்துட்டுப் போ. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டுக் கெடக்கு," என்றாள். பூவேலைத் துணியை மட்டும் ஃபிரிட்ஜின் மேலேயே விட்டுவைத்தாள்.

அடுத்த வாரம் ஒருநாள் முன்னேற்றம் மாடிப்படியில் உட்கார்ந்து பெரியத்தைக்குப் போன் போட்டாள்.

"என்ன, லைட் அணைஞ்சிடுச்சா?" என்றாள் பெரியத்தை எடுத்த எடுப்பில்.

"உங்க வீட்டுல லைட்டே இல்லையே அத்தை."

"அட, ஆமா. அப்ப எதுக்குக் கூப்பிட்ட?"

"சும்மாதான்."

லைன் அறுந்துவிட்டதோ என்று அவள் போனை எடுத்துப் பார்த்தாள். அறுந்திருக்கவில்லை.

"இரு," என்றாள் பெரியத்தை. "அடுப்பை அணைச்சிட்டு வரேன்."